ஸ்கேன் சென்டர் நடத்துபவர்களே, தூங்கவைத்த குழந்தையைப் பார்க்க ஒரு ஆளைப் போடுங்கள்

தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரங்களிலும் சின்ன ஊர்களிலும் எம்.ஆர்.ஐ., சி.டி. வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கும், அங்கே ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜி டாக்டர்களுக்கும், இவர்களுக்குப் பதிவுச் சான்று கொடுக்கும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்களுக்கும் வணக்கம்.

நான் மயக்க மருத்துவர். ஒரே ஆஸ்பத்திரியில் இருப்பவன் இல்லை, கூப்பிட்ட இடத்துக்குப் போய் வருகிறவன். காலையில் ஒரு ஊரில் சிசேரியன், மதியம் இன்னொரு ஊரில் எலும்பு ஆபரேஷன், நடுவில் உங்களில் யாராவது போன் செய்து "ஒரு குழந்தை அழுதுக்கிட்டே இருக்கு, கொஞ்சம் வந்துட்டுப் போங்க சார்" என்பீர்கள். பல சென்டர்களுக்கு வந்து போனதில், பெரும்பாலான இடங்களில் மெஷின் பிரமாதம், ஏசி பிரமாதம், குழந்தைக்கான ஏற்பாடு மட்டும் அப்போதைக்கு அப்போது பார்த்துக்கொள்வதுதான். அதனால்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றுதான். மருந்து கொடுத்துத் தூங்கவைத்த குழந்தை முழுசாக விழித்து வீட்டுக்குக் கிளம்பும்வரை, அதன் மூச்சைப் பார்ப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் இல்லாத, மூச்சு நின்றால் என்ன செய்வது என்று தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். டெக்னீஷியன் படத்தைப் பார்க்க வேண்டும், நர்ஸ் படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசியைப் பார்க்க வேண்டும், ரேடியாலஜி டாக்டருக்கு அடுத்த ரிப்போர்ட் காத்திருக்கிறது. இவர்கள் யாரும் அந்த ஆள் ஆக முடியாது. ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வது பார்த்துக்கொள்வதாகாது.

முதலில் போனில் நடப்பதைச் சொல்கிறேன். குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று பெற்றோர் கூப்பிட்டால், பல இடங்களில் ரிசப்ஷனில் வரும் பதில், "டாக்டர் எழுதின தூக்க சிரப்பை வாங்கி, கிளம்பும்போதே கொடுத்துடுங்க, இங்க வந்து சேர்றதுக்குள்ள தூங்கிடும்". இதைச் சொல்லும் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். ஆனால் நடப்பது என்ன? டிரைக்ளோஃபாஸ் என்ற அந்த சிரப் வேலை செய்ய அரை மணி, முக்கால் மணி ஆகும். அந்த நேரத்தில் குழந்தை பஸ்ஸில் இருக்கும், ஆட்டோவில் இருக்கும், அம்மா மடியில் தலை முன்னால் தொங்கிக்கொண்டு இருக்கும். ஆக்சிஜன் கிடையாது, மானிட்டர் கிடையாது, மூச்சு குறைகிறதா என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஆளும் கிடையாது. அம்மாவுக்குக் குழந்தை நிம்மதியாகத் தூங்குவதாகத்தான் தெரியும். வீட்டிலோ வழியிலோ தூக்க மருந்து கொடுக்கக் கூடாது, ஆள் வசதியோடு இருக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் பல வருடமாகச் சொல்லி வருகிறது. இதைக் கடைப்பிடிக்க ஒரு பைசா செலவில்லை. போனில் சொல்லும் ஒரு வாக்கியத்தை மாற்றினால் போதும்.

அந்த சிரப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை வெறும் சிரப் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது உடம்புக்குள் போய், குளோரல் ஹைட்ரேட் எந்தப் பொருளாக மாறுமோ அதே பொருளாகத்தான் மாறுகிறது. குளோரல் ஹைட்ரேட் 1832-ல் ஜெர்மனியில் செய்யப்பட்டு, 1869-லிருந்து தூக்க மருந்தாகப் புழங்கும் மிகப் பழைய சரக்கு. அதற்காகக் கெட்ட மருந்து என்று சொல்லவில்லை, சரியான எடைக்குச் சரியான அளவில் நல்ல கண்காணிப்போடு கொடுத்தால் சின்னக் குழந்தைகளுக்கு நன்றாகவே வேலை செய்யும், பிரிட்டனில் வைத்திய முறைகளுக்கு வழிகாட்டும் நைஸ் என்ற அமைப்பு 2010-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கூட வலியில்லாத ஸ்கேன்களுக்குக் குளோரலை அனுமதித்திருக்கிறது. சிக்கல் இரண்டு இடத்தில். ஒன்று, ஸ்லாட் நேரம் வந்தும் குழந்தை தூங்கவில்லை என்றால் "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று இரண்டாவது தடவை ஊற்றுவது. முதலில் கொடுத்தது அப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கும், இரண்டும் சேர்ந்து ஸ்கேன் நடுவிலோ, அதைவிட மோசமாக ஸ்கேன் முடிந்த பிறகோ வேலையைக் காட்டும். இன்னொன்று, இது உடம்பை விட்டு லேசில் போகாது. நடக்கும் வயதுக் குழந்தையின் உடம்பில் பாதி அளவு கழியவே சுமார் 10 மணி நேரம் ஆகும், பச்சிளம் குழந்தைக்கு ஒரு நாளைத் தாண்டும். மிடாசோலம் என்ற தூக்க மருந்தின் வேலையை முறிக்க ஃப்ளூமாசெனில் என்று ஒரு மருந்து இருக்கிறது. இதற்கு அப்படி ஒன்றும் கிடையாது, குழந்தையின் மூச்சைத் தாங்கிக்கொண்டு மருந்து கழியும்வரை காத்திருப்பதுதான் வைத்தியம்.

ஸ்கேன் சென்டர் என்ற எல்லையைத் தாண்டிச் சொல்கிறேன் என்றாலும் சொல்லிவிடுகிறேன்: காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட்டுக்கும், மூளையின் மின் அலைகளைப் பார்க்கும் ஈ.ஈ.ஜி.க்கும் இதே சிரப்தான் போகிறது, டாக்டரே இல்லாத சின்ன இடங்களிலும் போகிறது. அதற்குத் தனி மடல் எழுத வேண்டும்.

சரி, குழந்தை தூங்கிவிட்டது, மேஜையில் படுக்க வைத்தாயிற்று. இனிமேல்தான் நான் சொல்லும் அந்த ஆள் தேவைப்படுகிறார். சின்னக் குழந்தைக்கு உடம்பைவிடத் தலை பெரிது, பின்மண்டை புடைத்திருக்கும். தட்டையான மேஜையில் கிடத்தினால் தலை முன்னால் மடங்கி முகவாய் நெஞ்சில் இடிக்கும். நாக்கும் வாய்க்குப் பெரிதுதான். தூக்கத்தில் அது தளர்ந்து பின்னால் விழுந்தால் மூச்சுப் பாதை பாதி அடைத்துவிடும். அதன்மேல் தலையைச் சுற்றிக் கூண்டு போல வரும் பிரெயின் காயிலை மாட்டி உள்ளே தள்ளிவிட்டால், கன்சோல் அறைக் கண்ணாடி வழியாக உங்களுக்குத் தெரிவது இரண்டு பாதங்கள் மட்டும்தான். பாதை அடைத்த குழந்தையும் மூச்சு விட முயன்றுகொண்டேதான் இருக்கும். வயிறு மேலே எழும், அதே நேரம் நெஞ்சு உள்ளே இழுபடும், அதாவது காற்று போகவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் "மூச்சு விடுதே" என்று தோன்றும். வெளியே இருந்தால் குறட்டைச் சத்தமாவது கேட்கும், உள்ளே மெஷின் தட்டும் சத்தத்தில் அதுவும் கேட்காது.

இதற்கு மருந்து, தோளுக்குக் கீழே மடித்து வைத்த ஒரு துண்டு. அவ்வளவுதான், பல நேரம். தோள் கொஞ்சம் உயர்ந்தால் கழுத்து நேராகும், குறட்டை நின்றுவிடும். ஆனால் அதை வைக்கத் தெரிந்த, வைக்க வேண்டும் என்று கவனிக்கும் ஒரு ஆள் வேண்டுமே!

நேரமும் நம் பக்கம் இல்லை. கிலோவுக்குக் கணக்குப் போட்டால் சின்னக் குழந்தை பெரியவர்களைப் போல இரண்டு மடங்கு ஆக்சிஜன் செலவழிக்கிறது, நுரையீரலில் கையிருப்போ குறைவு. மூச்சு நின்றால் பெரியவருக்குக் கிடைக்கும் அவகாசம் குழந்தைக்குக் கிடைக்காது. அப்புறம், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும் சாச்சுரேஷன் 99 காட்டுகிறது என்று நிம்மதியாக இருப்பதும் ஆபத்து. மூக்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் மூச்சு மிகவும் குறைந்த பிறகும் அந்த எண் சில நிமிடம் அப்படியே நிற்கும். வெளிவிடும் கரியமில வாயுவைக் காட்டும் கேப்னோகிராஃப்தான் முதலில் எச்சரிக்கும். எம்.ஆர்.ஐ. அறைக்கென்று செய்த மானிட்டர் விலை அதிகம், தெரியும். அதற்காகச் சாதாரண ஆக்சிமீட்டரின் ஒயரை உள்ளே நீட்டி வைக்காதீர்கள், ஒயர் சூடாகி விரலைச் சுட்டுவிடும். பல கோடிக்கு மெஷின் வாங்கியவர்கள் மானிட்டருக்கு மட்டும் கணக்குப் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

"லேசாத்தான் மயக்கம் கொடுத்தோம்" என்பார்கள். குழந்தைகளிடம் லேசு என்பது நாம் முடிவு செய்வதில்லை. அதே எடை, அதே அளவு, ஒரு குழந்தை கண்ணைத் திறந்துகொண்டு சிரிக்கும், இன்னொன்று தட்டினாலும் எழாது. ஏற்கெனவே வலிப்புக்கு குளோபசாமோ ஃபீனோபார்பிடோனோ சாப்பிடும் குழந்தைக்கு மயக்கம் இன்னும் ஆழமாகவே போகும், எம்.ஆர்.ஐ.க்கு வரும் குழந்தைகளில் வலிப்பு இருப்பவர்கள்தானே நிறைய. சளி, காய்ச்சல் இப்போதுதான் விட்டது என்றால் குரல்வளை இறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். ராத்திரி குறட்டை விட்டு நடுவில் மூச்சுத் திணறி எழும் குழந்தை என்றால், டான்சிலோ அடினாய்டோ பெரிதாக இருக்கலாம், அந்தக் குழந்தையை ஸ்கேன் சென்டரில் தூங்கவைக்கவே கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இதையெல்லாம் கேட்க எத்தனை நிமிடம் ஆகும்? உங்கள் படிவத்தில் உடம்பில் பிளேட் இருக்கிறதா, பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். "ராத்திரி குறட்டை விடுமா" என்று ஒரு வரி சேருங்கள்.

நான் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்ததில் ஏற்பட்ட 95 விபத்துகளை எடுத்து அலசிய ஒரு ஆய்வு 2000-ல் வந்தது. அதில் 51 குழந்தைகள் இறந்திருந்தார்கள், 9 பேருக்கு நிரந்தர மூளைப் பாதிப்பு. ஆஸ்பத்திரிக்கு வெளியே நடந்த விபத்துகளில் 10-ல் 9 மரணத்திலோ நிரந்தரப் பாதிப்பிலோ முடிந்தது, ஆஸ்பத்திரிக்குள் நடந்ததில் அது 10-ல் 4-க்கும் குறைவு. இத்தனைக்கும் வெளியிடங்களுக்குப் போன குழந்தைகள் வயதில் பெரியவர்கள், நோயும் குறைந்தவர்கள். எந்த மருந்து, ஊசியா சிரப்பா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. கண்காணிப்பு போதவில்லை, மீட்கத் தெரிந்தவர் இல்லை, இதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

அடுத்து 2006-ல் வந்த இன்னொரு ஆய்வு. இதற்கென்றே குழு வைத்து முறையாகச் செய்யும் மருத்துவமனைகளில் 30,037 தடவை குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்திருக்கிறார்கள், ஒரு மரணம்கூட இல்லை. அங்கே பிரச்சினையே வரவில்லை என்று அர்த்தம் இல்லை. சுமார் 200-ல் ஒரு குழந்தைக்கு மூச்சுப் பாதையைச் சரிசெய்யவோ மூச்சு கொடுக்கவோ வேண்டியிருந்தது. மருந்துகள் புதிய மந்திர மருந்துகள் இல்லை, குழந்தைகளும் வேறு மாதிரிக் குழந்தைகள் இல்லை. அந்த 200-ல் ஒன்று நடக்கும்போது பக்கத்தில் ஆள் இருந்தது, வேலை தெரிந்த ஆள். உங்கள் சென்டரில் இதுவரை ஒன்றும் நடக்கவில்லை என்றால் சந்தோஷம்தான், ஆனால் அந்த 200-வது குழந்தை எந்தக் கிழமை வரும் என்று யாருக்கும் தெரியாது.

பட்டினி விஷயம். தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், மாட்டுப்பால், பவுடர் பால், லேசான சாப்பாடு 6 மணி நேரம். இது எல்லோருக்கும் தெரியும். கடைப்பிடிப்பதில் இரண்டு பக்கமும் கோளாறு. ஒரு பக்கம், அழுகிறதே என்று வாசலில் பிஸ்கட் கொடுத்துக் கூட்டி வருவார்கள். இன்னொரு பக்கம், "ராத்திரி 10 மணிக்கு மேல ஒண்ணும் கொடுக்காதீங்க" என்று சொல்லி வரவைத்து, நடுவில் விபத்து கேஸ் இரண்டு வந்துவிட்டது என்று மதியம் 1 மணிக்குக் குழந்தையை எடுப்பீர்கள். அதற்குள் அது அழுது ஓய்ந்து, நாக்கு வறண்டு, ஊசி போட நரம்பே கிடைக்காமல் கிடக்கும். காலை முதல் ஸ்லாட்டைக் குழந்தைக்குக் கொடுங்கள், தாமதமானால் தண்ணீர் கொடுக்கலாமா என்று எங்களுக்கு ஒரு போன் செய்து கேளுங்கள்.

ஆக்சிஜன் சிலிண்டரைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. 2001-ல் நியூயார்க் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் மயக்கத்தில் எம்.ஆர்.ஐ.க்குள் இருந்த 6 வயதுப் பையன், காந்தம் இழுத்த சிலிண்டர் தலையில் பட்டு இறந்தான். 2018-ல் மும்பை நாயர் மருத்துவமனையில் சிலிண்டரோடு உள்ளே போன ஒரு இளைஞர் இறந்தார். 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்த சக்தியைவிடச் சுமார் 30,000 மடங்கு. அவசரத்தில் ஓடிப்போய் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வராமல் இருக்க வேண்டுமென்றால், ஆக்சிஜன் சுவரிலேயே வர வேண்டும், அது வேலை செய்கிறதா என்று காலையிலேயே திறந்து பார்த்திருக்க வேண்டும். குழந்தைக்கு ஏதாவது ஆனால் முதலில் மேஜையை இழுத்துக் குழந்தையை வெளியே கொண்டுவருவதுதான் முறை, கருவிகளை உள்ளே கொண்டுபோவது இல்லை. குழந்தை அளவு மாஸ்க், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் அம்பு பேக், வாயில் சேரும் எச்சிலை, சளியை உறிஞ்சும் சக்‌ஷன், இவை வெளி அறையில் கைக்கெட்டும் தூரத்தில். பூட்டிய அலமாரியில் இல்லை.

ஸ்கேன் முடிந்ததும் எல்லோருக்கும் பெருமூச்சு வரும். எனக்கு அங்கேதான் வயிற்றைக் கலக்கும். மெஷின் சத்தம் நின்றுவிட்டது, சீண்டுவதற்கு யாரும் இல்லை, மருந்து மட்டும் உள்ளே இருக்கிறது. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ரிப்போர்ட் சாயந்திரம் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள். அவர்கள் வந்தது பைக்கில். அப்பா ஓட்ட, அம்மா பின்னால் உட்கார, நடுவில் குழந்தை சொருகப்பட்டு, கழுத்து மடங்கி, முகம் அப்பாவின் முதுகில் அழுந்திக்கொண்டு 20, 30 கிலோமீட்டர். நான் முதலில் சொன்ன 2000-ம் வருட ஆய்வில் வீட்டுக்குப் போகும் வழியிலும் போன பிறகும் இறந்த குழந்தைகளும் உண்டு. தானாக விழித்து, அம்மாவை அடையாளம் கண்டு, தன் வயதுக்கு ஏற்றபடி உட்கார்ந்து அல்லது தலையை நிறுத்தி, எழுப்பிவிட்டால் திரும்ப உடனே சாய்ந்துவிடாமல் இருந்தால்தான் அனுப்ப வேண்டும். சிரப் மாதிரி நீண்ட நேரம் தங்கும் மருந்து என்றால் இன்னும் கூடுதல் நேரம். கூட இரண்டு பெரியவர்கள் போக வேண்டும், ஒருவர் வண்டி ஓட்ட, ஒருவர் தலை மடங்காமல் பார்த்துக்கொள்ள. இதற்கு ஒரு கட்டில், ஒரு மானிட்டர் போடும் இடம் உங்கள் கட்டடத்தில் கண்டிப்பாக இருக்கும். காத்திருக்கும் அறையில் டிவி மாட்டிய சுவருக்குக் கீழேகூட இருக்கும்.

எங்கள் ஆட்களையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நியாயம் இல்லை. புரோபோஃபால் என்ற மயக்க ஊசியைப் போட்டுவிட்டு, "நல்லா இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓடும் மயக்க மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடாதீர்கள். போனவர் வரும்வரை மெஷினை ஓட்டாதீர்கள். முழு நேரமும் இருக்கும் டாக்டருக்கு ஃபீஸ் கூட ஆகும், அது பில்லில் தனி வரியாக வரட்டும், எதற்கு என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். பிள்ளை விஷயம் என்றால் கடன் வாங்கியாவது கொடுப்பார்கள், ஏன் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுப்பதுதான் அவர்களுக்கு எரிச்சல். முடியாதவர்களை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ அனுப்புங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் டாக்டர் இருப்பார்.

இன்னொன்று, மயக்கமே வேண்டாத குழந்தைகள் நிறைய. இப்போதைய சி.டி. மெஷினில் தலை ஸ்கேன் சில நொடிகளில் முடிகிறது, அதற்கு எதற்கு சிரப்? அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு பேசினால் முடிந்தது, அம்மாவுக்குக் கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய ஏப்ரன் மாட்டிவிடுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையை வயிறு நிறையப் பால் குடிக்கவைத்து, காதில் பஞ்சும் மூடியும் வைத்து, துணியில் நன்றாகச் சுற்றிக் கிடத்தினால் அதுவே தூங்கும், எம்.ஆர்.ஐ.கூட எடுத்துவிடலாம். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு முந்தின நாளே அந்தச் சத்தத்தை அம்மா போனில் போட்டுக் காட்டி, கட்டிலுக்கு அடியில் அசையாமல் படுக்கும் விளையாட்டு ஆடினால் பாதிப் பேர் மருந்தே இல்லாமல் படுத்துவிடுவார்கள் என்பது என் அனுபவம். இதற்கு ஸ்லாட் நேரத்தைக் கொஞ்சம் நீட்ட வேண்டும், அதுதான் உங்களுக்குக் கசக்கும். மயக்க மருந்தால் மூளை வளர்ச்சி கெட்டுவிடுமா என்று பயப்படும் பெற்றோரிடம், ஒரு தடவை, குறைந்த நேரம் என்றால் பயப்பட வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம், 2019-ல் முடிந்த பெரிய ஆய்வு ஒன்று அதைத்தான் காட்டியது.

இணை இயக்குநர்களுக்கு ஒரு வார்த்தை. சி.டி. வைக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதில்லை என்ற போர்டு ஸ்கேன் சென்டர் வாசல்தோறும் தொங்குகிறது, 1994-ம் வருடச் சட்டம் தொங்கவைத்தது. அது போல, "இங்கே குழந்தைகளுக்குத் தூக்க மருந்து கொடுப்பவர் இவர், குழந்தை விழித்துக் கிளம்பும்வரை கூட இருப்பவர் இவர்" என்று பெயரோடும் பதிவு எண்ணோடும் ஒரு போர்டு வைக்கச் சொல்லுங்கள். 1997-ம் வருட மருத்துவ நிறுவனங்கள் சட்டமும் 2018-ல் வந்த விதிகளும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. ஆய்வுக்குப் போகும்போது தீயணைப்புச் சான்றைக் கேட்ட பிறகு, குழந்தை அளவு மாஸ்க் எங்கே என்று கேளுங்கள். எடுத்துக் காட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பாருங்கள்.

உரிமையாளர்களே, மானிட்டர் வாங்க மாதங்கள் ஆகலாம், கட்டில் போட வாரங்கள் ஆகலாம். நாளைக் காலையிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ரிசப்ஷனில் போன் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள்: வீட்டில் சிரப் கொடுக்கச் சொல்லக் கூடாது, முழு நேரமும் கூட இருக்க டாக்டர் வராத நாளில் தூங்கவைக்க வேண்டிய குழந்தைக்கு ஸ்லாட் எழுதக் கூடாது. எந்தெந்த நாள் வர முடியும் என்று எங்களைக் கேளுங்கள், வாரத்துக்கு இரண்டு காலை சொல்கிறோம், அந்த நாட்களில் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்து எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் சென்டர்களுக்கு வந்து போகும் ஒரு மயக்க மருத்துவர்